அறைக்குக் காவல் உண்டு, அடுப்புக்கு இல்லை: புரூக்ளின் கோர்ட்டுப் பக்கத்து உணவகம் மூடியதும் திறந்ததும்

பழம்பெரும் உணவகம் ஒன்று மூடப்போகிறது என்று செய்தி வந்ததும் வாசகர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்தால் மூடியிருக்க மாட்டார்களே?” என்பதுதான். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், ஃபுல்டன் தெரு 372-ஆம் எண்ணில் இருக்கும் கேஜ் அண்ட் டோல்னர், இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்த இடம்.

1879-ல் தொடங்கிய உணவகம் அது. 1974-ல் அதன் கட்டடத்தின் வெளிப்புறமும், 1975-ல் சாப்பாட்டுக் கூடமும் நகரத்தின் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. ஓர் உணவகத்தின் உட்புறம் அந்த நகரத்தில் இப்படிக் காக்கப்பட்டது அதுவே முதல் தடவை. இருந்தும் 2004 பிப்ரவரி 14-ல் அது மூடப்பட்டது. அதே கூடத்தில் டிஜிஐ ஃபிரைடேஸ் என்ற சங்கிலித் தொடர் உணவகத்தின் கிளை நடந்தது. பிறகு ஆர்பிஸ் என்ற சாண்ட்விச் கடை. அதற்கும் பிறகு கவரிங் நகைக் கடை. 2021-ல் பழைய பெயரிலேயே உணவகம் மீண்டும் திறந்தது.

சட்டம் காத்த உணவகம் எப்படி மூடலாம்? மூடியது 17 ஆண்டு கழித்து எப்படித் திரும்பி வரலாம்? இரண்டுக்கும் விடை ஒன்றுதான். சட்டம் காத்தது அறையை, உணவகத்தை அல்ல. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, நடைமுறையில் அது என்ன செய்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கோர்ட்டுகள் சூழ்ந்த தெரு

புரூக்ளின் 1898 வரை தனி நகரம். அந்த நகரத்தின் மாநகர மண்டபம் 1848-ல் கட்டப்பட்டது. இன்று அதற்கு பரோ ஹால் என்று பெயர். நீதிமன்றங்கள், பதிவு அலுவலகங்கள், வங்கிகள், வழக்கறிஞர்களின் அறைகள் எல்லாம் அதைச் சுற்றியே வளர்ந்தன. இன்றைக்கும் ஆடம்ஸ் தெரு 360-ல் மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட், லிவிங்ஸ்டன் தெருவில் சிவில் கோர்ட், மன்ரோ பிளேசில் மேல்முறையீட்டு மன்றம், கேட்மன் பிளாசாவில் மத்திய அரசின் கோர்ட் என்று எல்லாம் நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன.

இடையில் ஒரு விளக்கம்: நியூயார்க் மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது உச்ச நீதிமன்றம் அல்ல. பெரிய வழக்குகளை முதலில் விசாரிக்கும் மன்றத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர். மாநிலத்தின் கடைசி மன்றம் ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’. பின்னால் வரும் வழக்குகளைப் படிக்க இது தேவைப்படும்.

சார்லஸ் கேஜ் 1879-ல் ஃபுல்டன் தெரு 302-ல் கடையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு யூஜின் டோல்னர் கூட்டாளியானார். 1892-ல் கடை இன்றைய இடத்துக்கு வந்தது. 1911-ல் இருவரும் விற்றுவிட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. 1919-ல் டூயி குடும்பத்தின் கைக்கு வந்து, 1988 வரை அவர்களிடமே இருந்தது. ஒரே குடும்பம் ஏறத்தாழ 70 ஆண்டு கல்லாவில் உட்கார்ந்த காரணத்தால்தான் கூடம் கலையாமல் நின்றது என்பது என் கணிப்பு. கைமாறும்போதெல்லாம் புது முதலாளி முதலில் தொடுவது சுவரையும் விளக்கையும்தானே.

கோர்ட்டுக் கூட்டத்தின் கடிகாரம்

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் கடை போட்டால் வாடிக்கையாளரைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு மூன்று குணங்கள் உண்டு. உணவகத்தின் சமையல், பரிமாறும் முறை, லாபம் மூன்றையும் அவைதான் முடிவு செய்கின்றன.

1. எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். மதிய இடைவேளை ஏறத்தாழ 1 மணிக்குத் தொடங்கும். நீதிபதி, வக்கீல், குமாஸ்தா, கட்சிக்காரர் அனைவருக்கும் அதே ஒரு மணி நேரச் சொச்சம்தான். ஒரே மேசையை இரண்டு முறை நிரப்ப நேரம் போதாது.

2. வாரத்தில் ஐந்து நாள்தான் வருவார்கள். அரசு விடுமுறை என்றால் தெருவே காலி. கோடையில் வழக்குகள் குறையும்போது மேசையும் குறையும்.

3. செலவு செய்யும் திறன் ஒரே மாதிரி இருக்காது. வழக்கில் ஜெயித்த வக்கீல் கட்சிக்காரரை அழைத்து வந்து தாராளமாகச் செலவழிப்பார். ஜூரி வேலைக்கு அழைக்கப்பட்டவருக்கோ நியூயார்க்கில் 2025 வரை பல ஆண்டுகள் ஒரு நாள் படி 40 டாலராகவே இருந்தது. அவர் இந்தப் படியேற மாட்டார்.

கணக்காகப் போட்டுப் பார்ப்போம். இது புரிதலுக்கான எடுத்துக்காட்டு மட்டும். 100 இருக்கை உள்ள கூடத்தில் மதியம் ஒரு பந்தி. அதாவது 100 பேர். இரவில் இரண்டு பந்தி, 200 பேர். மது, இனிப்பு எல்லாம் சேர்ந்து இரவு ஆளுக்கு ஆகும் பில் மதியத்தைப்போல இரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மதிய வரவு 100 பங்கு என்றால் இரவு வரவு 400 பங்கு. இரவுக் கூட்டம் நின்றுபோனால் கடை ஐந்தில் நான்கு பங்கு வரவை இழக்கும். மதியம் கூடம் நிரம்பி வழிந்தாலும் இதுதான் நிலை. வெளியிலிருந்து பார்ப்பவர் மதியக் கூட்டத்தைக் கண்டு “நல்லாத்தானே ஓடுது” என்று நினைப்பது இதனால்தான்.

மதியச் சாப்பாட்டையும் ஒரு வரி மாற்றம் தாக்கியது. அமெரிக்காவில் தொழில் நிமித்தமாகச் சாப்பிட்ட பில்லை வருமானத்திலிருந்து செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 1986-ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டம் இந்தக் கழிவை 80 சதவீதமாகக் குறைத்தது. 1993-ல் வந்த சட்டம் 50 சதவீதமாக்கியது. கட்சிக்காரரோடு நீண்ட நேரம் உட்கார்ந்து சாப்பிடும் வக்கீலின் மதியம் அன்றிலிருந்து அவர் சொந்தப் பையை உறுத்தத் தொடங்கியது. கோர்ட்டுப் பக்கத்துப் பெரிய உணவகங்களின் சரிவைப் பேசும்போது இந்தக் காரணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சிப்பியும் மட்டியும் ஏன்?

கேஜ் அண்ட் டோல்னரின் பேர் சிப்பியிலும் மட்டியிலும் கட்டப்பட்டது. வறுத்தது, சுட்டது, பாலில் வெந்தது, ரொட்டித் தூள் தூவியது என்று வகை வகையாகப் பட்டியல் நீண்டது. 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க் துறைமுக நீரிலேயே ஆய்ஸ்டர் சிப்பி மலிவாகக் கிடைத்தது. ஏழையும் பணக்காரரும் தின்ற பண்டம் அது. கழிவு நீர் கலந்து கெட்டதால் 1927-க்குள் அந்தத் துறைமுகப் படுகைகள் மூடப்பட்டன. பிறகு சரக்கு தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. சாதாரணப் பண்டம் விருந்துப் பண்டமாயிற்று.

ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து போகும் கூட்டத்துக்குச் சிப்பியைவிடப் பொருத்தமான பண்டம் குறைவு. ஓடு திறக்கத் தெரிந்த ஆள் இருந்தால் அடுப்பில் வேலை சில நிமிடமே. சிப்பிப் பால் கஞ்சி என்று சொல்லத்தக்க ‘ஆய்ஸ்டர் ஸ்டூ’வை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயை உருக்கி, சிப்பியை அதன் ஓட்டுத் தண்ணீரோடு போட்டு, ஓரம் சுருளத் தொடங்கும் வரை சூடாக்க வேண்டும். தனியாகச் சூடாக்கி வைத்த பாலையோ கிரீமையோ அதில் சேர்த்து, கொதி வராமல் இறக்க வேண்டும். தவறும் இடம் இரண்டு. பால் கொதித்தால் சிப்பித் தண்ணீரின் உப்பும் புரதமும் சேர்ந்து திரிந்துவிடும். ஓரம் சுருண்ட பிறகும் அடுப்பில் விட்டால் சிப்பி ரப்பராகிவிடும். ஆகவே முன்கூட்டிச் செய்து வைக்கவும் முடியாது. மேசையில் ஆள் உட்கார்ந்த பிறகுதான் சட்டி ஏற வேண்டும்.

இங்கே பேர்பெற்ற இன்னொன்று மென்மட்டியின் வயிற்றுச் சதை. மென்மட்டிக்கு நீண்ட கழுத்து உண்டு. அது தோல்போல இழுக்கும். கழுத்தையும் ஓரப் பட்டையையும் வெட்டிவிட்டு வயிற்றுப் பகுதியை மட்டும் எடுத்து, ரொட்டித் தூள் போட்டுச் சுடுவார்கள். எடையில் பெரும் பங்கு கழிவாகப் போகும். அதோடு ஒவ்வொன்றையும் கையால் வெட்ட வேண்டும். மாலை நேர வேலைக்கு ஆள் இருந்தால்தான் கட்டுப்படியாகும் பதார்த்தம் இது.

1980-களின் கடைசியில் இங்கே சமையலறைத் தலைமைக்கு எட்னா லூயிஸ் வந்தார். 1916-ல் வர்ஜீனியாவின் ஃப்ரீடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். விடுதலை பெற்ற அடிமைகள் நிறுவிய ஊர் அது. அமெரிக்கத் தெற்கின் கருப்பினச் சமையலை நாடறியச் செய்தவர்களில் முதன்மையானவர். 2014-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. நண்டு முட்டை சேர்த்துப் பாலும் ஷெர்ரி ஒயினும் விட்டுச் செய்யும் ‘ஷீ கிராப்’ சூப் அவரோடு இந்தப் பட்டியலுக்கு வந்தது. பெண் நண்டின் முட்டைதான் அந்தச் சூப்புக்கு நிறமும் கனமும் தருவது. பருவம் தப்பி முட்டை கிடைக்காவிட்டால் வேகவைத்த கோழி முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் போடுவது தெற்கின் வழக்கம்.

பரிமாறியவர்களைச் சொல்லாமல் இந்த உணவகத்தைச் சொல்ல முடியாது. பெரும்பாலும் கருப்பினத்தவரான சர்வர்கள் தங்கள் சட்டைக் கையில் பணிக்காலச் சின்னம் அணிந்திருந்தார்கள். ஒரு கோடு என்றால் ஓர் ஆண்டு, ஒரு நட்சத்திரம் என்றால் ஐந்து ஆண்டு, ஒரு கழுகு என்றால் 25 ஆண்டு. வருகிறவர் எவ்வளவு பெரிய நீதிபதியானாலும், எதிரே நிற்பவர் தன்னைவிட அந்த இடத்தில் மூத்தவர் என்பதைச் சட்டைக் கையிலேயே படித்துவிடலாம். சட்டம் காக்காத பொருள்களின் பட்டியலில் என் மனத்தில் முதலிடம் இதற்குத்தான்.

கூடத்தில் என்னதான் இருக்கிறது

குறுகி நீண்ட கூடம். இரு பக்கச் சுவரிலும் வளைவுத் தலையுள்ள பெரிய கண்ணாடிகள், கருஞ்சிவப்புச் செர்ரி மரச் சட்டத்துக்குள். அவற்றைச் சுற்றிப் புடைப்புச் சித்திரம் பதித்த சுவர்ப் பூச்சு. மேலே பித்தளைத் தொங்கு விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

கண்ணாடி அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததல்ல. வரிசை வீடுகளுக்கு நடுவில் நிற்கும் கட்டடத்தில் பக்கச் சன்னல் வைக்க முடியாது. வெளிச்சம் தெருப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். எதிரெதிர்க் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பின்புறம் வரை கடத்தும். விளக்கை இரட்டிப்பாகக் காட்டும். குறுகலை மறக்கச் செய்யும். 1888 முதல் ஃபுல்டன் தெருவின் தலைக்கு மேல் ரயில் பாதை ஓடியது. அதன் நிழல் விழும் கடைக்கு உள்வெளிச்சம் இன்னும் அவசியமாயிற்று.

விளக்குகள் எரிவாயு, மின்சாரம் இரண்டிலும் எரியும் கலப்பு வகை. மின்சாரம் புதிதாக வந்த காலத்தில் அடிக்கடி நின்றுபோகும் என்பதால் இரண்டையும் ஒரே தண்டில் பொருத்தினார்கள். எது எதன் கிளை என்று கண்டுபிடிப்பது எளிது: மேல் நோக்கி நிற்பது எரிவாயுக் கிளை, கீழ் நோக்கித் தொங்குவது மின்கிளை. சுடர் மேல்நோக்கித்தான் எரியும். மின்குமிழுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சுவர்ப் பூச்சின் பெயர் லின்கிரஸ்டா. லினோலியம் தரைவிரிப்பைக் கண்டுபிடித்த ஃபிரெடெரிக் வால்டன் 1877-ல் உருவாக்கியது. ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, மரத்தூள் முதலிய நிரப்பிகளைக் கலந்து, காகிதத்தின்மேல் பரப்பி, சித்திரம் வெட்டிய உருளையால் அழுத்தி எடுப்பார்கள். பார்வைக்கு மரச்செதுக்கு அல்லது அழுத்திய தோல்போல இருக்கும். நூறாண்டு தாண்டிய லின்கிரஸ்டா எப்படிக் கெடும் என்று தெரிந்துகொள்வது முக்கியம். பாதுகாப்புச் சட்டத்தின் பாதிச் சண்டை இங்கேதான் நடக்கிறது.

1. வயதாக ஆக அது உடையும் தன்மை பெறும். ஆணியோ திருகோ அடித்தால் துளையோடு நிற்காது. கோடு விட்டுப் பிளக்கும். விளம்பரப் பலகையை நேராகச் சுவரில் மாட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

2. மேலே மேலே பெயிண்ட் அடித்தால் புடைப்புகளின் பள்ளம் நிரம்பிச் சித்திரம் மழுங்கும்.

3. அந்தப் பெயிண்டை எடுக்கக் காரச் சத்துள்ள கரைப்பானைப் பயன்படுத்தினால் ஆளிவிதை எண்ணெயே சோப்பாக மாறிக் கரையும். பெயிண்டோடு சுவர்ப் பூச்சும் போகும். சிறு மூலையில் சோதித்த பிறகே கைவைக்க வேண்டும்.

4. சுவருக்குப் பின்னால் ஈரம் இறங்கினால் காகிதம் விட்டுப்போய்ப் பலகை பலகையாகப் பிதுங்கும்.

சட்டம்: அடிப்படைச் சொற்கள்

நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சியில் 1965-ல் பிறந்தது நகரத்தின் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். அதை நடத்துவது லேண்ட்மார்க்ஸ் ஆணையம். முதலில் வெளிப்புறத்தை மட்டுமே காத்தது. 1973-ல் திருத்தம் வந்து ‘உட்புறச் சின்னம்’ என்ற வகையைச் சேர்த்தது. கேஜ் அண்ட் டோல்னர் அந்தத் திருத்தத்தின் தொடக்க காலப் பயனாளி.

உட்புறம் சின்னமாக வேண்டுமானால்:

1. குறைந்தது 30 ஆண்டு பழைமை வேண்டும்.
2. வரலாறு, அழகியல், பண்பாடு ஆகிய ஏதோ ஒரு வகையில் தனிச் சிறப்பு வேண்டும்.
3. பொதுமக்கள் வழக்கமாக வந்துபோகும் இடமாக இருக்க வேண்டும். தனியார் வீட்டின் உட்புறம் ஆகாது. வழிபாட்டுத் தலத்தின் உட்புறத்துக்கும் விலக்கு உண்டு.

அந்த நகரத்தில் பாதுகாப்பின்கீழ் இருக்கும் கட்டடங்கள் 37,000-க்கும் மேல். உட்புறச் சின்னங்களோ 120 சொச்சம்தான். மூன்றாவது நிபந்தனை எவ்வளவு வடிகட்டுகிறது என்பது இதிலேயே தெரியும்.

அறிவிப்பு வந்த பிறகு உரிமையாளர் எந்த வேலை செய்தாலும் அனுமதி வேண்டும். மூன்று படி உண்டு. காக்கப்பட்ட பகுதியைப் பாதிக்காத உள்வேலை, குழாய், மின்கம்பி போன்றவற்றுக்குப் ‘பாதிப்பில்லை’ சான்று. ஒடிந்த மரச்சட்டத்தைச் சரிசெய்வது போன்றவற்றுக்குச் சிறுவேலை அனுமதி. தோற்றம் மாறும் வேலைக்கு ‘பொருத்தச் சான்று’. இதற்குப் பொது விசாரணை நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். இதோடு, காக்கப்பட்ட பகுதியைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையும் உரிமையாளருக்கு உண்டு. வாடகைதாரர் செய்த தவறுக்கும் கடைசியில் கட்டட உரிமையாளரே பதில் சொல்ல வேண்டும்.

“என் சொத்தைப் பிடுங்கியதற்குச் சமம்” என்ற வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-ல், கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலைய வழக்கில், 6-க்கு 3 என்று தள்ளிவிட்டது. ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 6 சதவீத வருமானம்கூட வரவில்லை என்று நிரூபித்தால் உரிமையாளர் விலக்குக் கேட்கலாம்.

எது உள்ளே, எது வெளியே

ஒரே கட்டடத்துக்குள் சட்டம் ஒரு கோடு கிழிக்கிறது. கட்டடத்தோடு பொருத்தப்பட்டவை உள்ளே: சுவர், கூரை, கண்ணாடி, மரச்சட்டம், விளக்கு. எடுத்துச் செல்லக்கூடியவை வெளியே: நாற்காலி, தட்டு, கரண்டி, திரை. தொழில் முழுவதுமே வெளியே: சமையல் குறிப்பு, பெயர், ஊழியர், விலைப் பட்டியல், வாடகை ஒப்பந்தம்.

மன்ஹாட்டனின் ஃபோர் சீசன்ஸ் உணவகத்தில் இந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும்படி ஆனது. அதன் உட்புறம் 1989-ல் சின்னமாக்கப்பட்டது. உரிமையாளர் வழக்குப் போட, உணவகத்தின் உட்புறத்தையும் சின்னமாக்கலாம் என்று கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 1993-ல் உறுதி செய்தது. ஆனால் அங்கே தொங்கிய பிக்காசோவின் பெரிய திரைச்சீலை அதில் சேரவில்லை. அது வேறொருவர் சொத்து, கழற்றக்கூடியது. 2014-ல் அது இறக்கப்பட்டது. 2015-ல் கூடத்தை மாற்ற உரிமையாளர் கேட்ட முக்கிய அனுமதிகளை ஆணையம் மறுத்தது. உணவகமோ வாடகை ஒப்பந்தம் முடிந்து 2016 ஜூலையில் வெளியேறியது. அதே மாதம் நாற்காலியும் மேசையும் சாம்பல் கிண்ணமும் ஏலம் போயின. 40 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அடுத்த ஆண்டு அதே சுவர்களுக்குள் வேறு பெயரில் வேறு உணவகங்கள் திறந்தன. ஆணையம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. இருந்தும் உணவகம் போயிற்று.

பொதுமக்கள் நுழைவுகூட நிரந்தரமல்ல. பிராட்வே 346-ல் உள்ள மணிக்கூண்டு உட்புறச் சின்னம். அதைத் தனியார் குடியிருப்பாக மாற்ற ஆணையம் அனுமதித்ததை 2019-ல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் ஏற்றுக்கொண்டது. சின்னமாவதற்கு நுழைவு நிபந்தனை. சின்னமான பிறகு அது தொடர வேண்டும் என்று கட்டாயமில்லை.

2004-ல் என்ன நடந்தது

எட்னா லூயிஸ் வருவதற்கு முன்பே தெரு மாறிவிட்டது. தலைக்கு மேல் ஓடிய ரயில் 1940-களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது. புரூக்ளின் ஈகிள் பத்திரிகை 1955-ல் நின்றது. டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி 1957-ஓடு ஊரைவிட்டுப் போனது. 1970-களின் பிற்பகுதி தொடங்கி ஃபுல்டன் தெருவைப் பேருந்து மட்டும் போகும் கடைவீதியாக மாற்றினார்கள். பகலில் வியாபாரம் நன்றாகவே நடந்தது. நகரத்தின் பரபரப்பான கடைவீதிகளில் ஒன்று அது. ஆனால் கடைகள் அடைக்கும் நேரத்துக்குப் பிறகு தெரு வெறிச்சோடும். இரவு விருந்துக்கு வருபவர் காரை வாசலில் நிறுத்த வழியில்லை.

மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். கோர்ட்டுக் கூட்டம் மதியம் வந்துகொண்டே இருக்கலாம். இரவு போனால் ஐந்தில் நான்கு போயிற்று. போதாக்குறைக்கு வரிக் கழிவு பாதியாகி மதியமும் சுருங்கியது. 1988-க்குப் பிறகு இரண்டு உரிமையாளர்கள் முயன்று பார்த்தார்கள். கூடத்தைக் காத்த சட்டத்துக்கு இந்தக் கணக்கில் தலையிட எந்த அதிகாரமும் இல்லை.

அடுத்து வந்தவர்களுக்கு அந்தக் கூடம் வசதியாக அமையவில்லை. சங்கிலித் தொடர் கடைகளுக்கு எல்லாக் கிளையும் ஒரே முகமாக இருக்க வேண்டும். இங்கே சுவரைத் தொட முடியாது. டிஜிஐ ஃபிரைடேஸ் ஏறத்தாழ மூன்று ஆண்டு ஓடியது. ஆர்பிஸ் 2010-ல் திறந்து அதே ஆண்டு மூடியது. பின் வந்த கடைகள் கூடத்துக்குள் தற்காலிகத் தட்டிச் சுவர் எழுப்பிக் கண்ணாடிகளை மறைத்தன. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் உள்ளே ஒரு நூற்றாண்டு ஒளிந்திருப்பதே தெரியாது. ஆனால் தட்டியை எடுத்தபோது அந்த நூற்றாண்டு அங்கேயே இருந்தது. சட்டத்தின் முழுப் பலனும் அந்த ஒரு கணத்தில்தான் அறுவடையாயிற்று.

திரும்பத் திறந்த விதம்

புரூக்ளினில் ஏற்கெனவே உணவகம் நடத்திவந்த சோஹுய் கிம், பென் ஷ்னைடர், செயின்ட் ஜான் ஃப்ரிசெல் மூவரும் இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பணத்தின் ஒரு பகுதியை வீஃபண்டர் என்ற இணையதளத்தில் பொதுமக்களிடமிருந்து திரட்டினார்கள். இது நன்கொடை அல்ல, முதலீடு. பணக்காரர் அல்லாத சாதாரண மக்களிடமும் சிறு நிறுவனங்கள் இணையவழியில் முதலீடு பெற 2012-ல் வந்த சட்டம் வழிவிட்டது. 2016-ல் அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2004-ல் இந்த வழியே கிடையாது. பழைய வாடிக்கையாளரின் பாசத்தை மூலதனமாக மாற்ற அன்று யாருக்கும் கருவி இல்லை.

2020 மார்ச் நடுவில் திறக்க எல்லாம் தயார். அதே நாள்களில் பெருந்தொற்றால் நகரத்தின் உணவகங்கள் மூடப்பட்டன. கடைசியில் 2021 ஏப்ரலில் கூடத்தில் மேசை போட்டார்கள். இப்படிப்பட்ட காக்கப்பட்ட கூடத்தில் புது உணவகம் அமைப்பவர் எந்த ஊரிலும் சந்திக்கும் சிக்கல்கள் இவை:

1. அடுப்புப் புகைக்குழாய். கூடத்தின் வழியாகக் கொண்டுபோக முடியாது. பின்புறமாகவோ காக்கப்படாத மேல்தளங்கள் வழியாகவோ கூரைக்கு ஏற்ற வேண்டும். கட்டட வேலைச் செலவில் கணிசமான பங்கை இது விழுங்கிவிடலாம். குத்தகையில் கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

2. குளிர்சாதனம். பொய்க்கூரை போட்டு மறைக்க அனுமதி கிடைக்காது. காற்று வாய்களைப் பழைய மரச்சட்ட வரிசைக்கு ஒத்தாற்போல வைக்க வேண்டும்.

3. தீயணைப்புக் குழாய். தெளிப்பான் முனைகளைக் கூரைச் சித்திரத்தின் நடுவே துளைக்காமல் ஓரத்தில் நிறுத்துவது பொதுவாக ஏற்கப்படும் வழி.

4. சக்கர நாற்காலி வழி. வரலாற்றுக் கட்டடங்களுக்கு மாற்று வழி காட்ட விதி இடம்தருகிறது. முழு விலக்கு தருவதில்லை.

5. காலக் கணக்கு. பொது விசாரணை தேவைப்படும் ஒரே ஒரு மாற்றம் இருந்தாலும் மாதங்கள் ஓடும். அத்தனை மாதமும் வாடகை ஓடும். அதனால் அனுபவசாலிகள் வடிவமைப்பையே விசாரணை தேவைப்படாத அளவுக்குச் சுருக்கிக்கொள்வார்கள்.

இன்னொரு மாற்றம் உணவகத்துக்கு வெளியே நடந்திருந்தது. 2004-ல் மாலையானால் காலியான புரூக்ளின் நகர மையத்தில், அதே ஆண்டு செய்த நில வகைப்பாட்டு மாற்றத்தால் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அங்கே குடியிருப்பவர்கள் இரவில் சாப்பிட வெளியே வருபவர்கள். மூடிய ஆண்டில் விதைத்தது திறக்கும் ஆண்டில் விளைந்தது. கோர்ட் மட்டும் தந்திருக்க முடியாத அந்த ஐந்தில் நான்கு பங்கு இப்போது பக்கத்து மாடியிலிருந்து இறங்கி வருகிறது.

கடையையே காக்க முடியாதா?

சான் ஃபிரான்சிஸ்கோ வேறு வழியில் முயன்றது. 2015-ல் அந்த நகர வாக்காளர்கள் ஏற்ற ஒரு திட்டம் ‘மரபுத் தொழில்’ என்ற பதிவேட்டுக்கு நிதி தந்தது. 30 ஆண்டு நடந்து, அக்கம்பக்கத்தின் அடையாளத்துக்குப் பங்களித்த தொழில் அதில் சேரலாம். சுவரை அது கட்டுப்படுத்தாது. தொடக்கத் திட்டப்படி தொழில் நடத்துபவருக்கு ஊழியர் ஒருவருக்கு 500 டாலர் வரை ஆண்டு மானியம். அதிகபட்சம் 100 ஊழியர். கட்டட உரிமையாளர் அந்தத் தொழிலுக்குக் குறைந்தது 10 ஆண்டு குத்தகை தந்தால் அவருக்குச் சதுர அடிக்கு 4.50 டாலர் வரை. அதிகபட்சம் 5,000 சதுர அடி. அதாவது உச்ச அளவில் ஆண்டுக்கு 22,500 டாலர்.

கவனிக்க வேண்டியது, பணத்தின் ஒரு பங்கு கட்டட உரிமையாளருக்குப் போகிறது என்பது. உணவகம் சாகும் இடம் குத்தகைப் புதுப்பிப்பு. ஆகவே மருந்தை அங்கே வைத்தார்கள். ஆனால் இது தூண்டில்தான், தடை அல்ல. சந்தை வாடகை மானியத்தைவிட உயர்ந்தால் உரிமையாளர் மானியத்தை மறுத்துவிட்டுப் புது வாடகைதாரரை எடுக்கலாம். நகர நிதிநிலை இளைத்தால் மானியமும் இளைக்கும்.

கேஜ் அண்ட் டோல்னரின் கண்ணாடிகளுக்கு அந்தக் கவலை இல்லை. அவற்றைக் கழற்ற இன்றும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அவற்றின் முன்னால் சிப்பித் தட்டை வைப்பவரின் வேலை போவதற்கு அப்படிப்பட்ட அனுமதி எதுவும் தேவையில்லை. குத்தகை முடியும் தேதி மட்டும் போதும்.